309ஆம் பிரிவும் மூன்று அறிக்கைகளும்: சட்ட ஆணைய ஆவணங்களைத் தேடுவது பற்றி

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்று இந்தியச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது என ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரி ஆய்வுக்கு உதவாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் பற்றி ஆணையம் மூன்று முறை முடிவு சொல்லியிருக்கிறது. 1971இல் 42ஆவது அறிக்கை அதை நீக்கச் சொன்னது. 1997இல் 156ஆவது அறிக்கை அது நீடிக்க வேண்டும் என்றது. 2008இல், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையில் வந்த 210ஆவது அறிக்கை மறுபடியும் நீக்கச் சொன்னது.

இடையில் ஏன் இந்த மாற்றம்? 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்றது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. 156ஆவது அறிக்கை அதற்கு மறு ஆண்டு வந்தது. எனவே ஓர் அறிக்கையைக் கையில் எடுக்கும்போதே அந்த நாளில் எந்தத் தீர்ப்பு நடப்பில் இருந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பது என் வாதம்.

தேடும் வழியிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆணையத்தின் அறிக்கைகள் எண்ணையும் தலைப்பையும் கொண்டு அடுக்கப்பட்டவை. 210ஆவது அறிக்கையின் தலைப்பிலேயே தற்கொலை முயற்சி இருக்கிறது. மற்ற இரண்டும் தண்டனைச் சட்டம் முழுவதையும் ஆராய்ந்தவை. அவற்றின் தலைப்பில் அச்சட்டத்தின் பெயர்தான் உண்டு. தலைப்பை மட்டும் நம்பித் தேடுபவருக்கு 210 மட்டுமே கிடைக்கும். மாற்றுக் கருத்து சொன்ன 156 கண்ணில் படாது. அதனால் கடைசி அறிக்கையில் தொடங்கி, அது சுட்டும் முந்தைய அறிக்கைகளுக்குப் பின்னோக்கிப் போவதே நல்லது. போனபின் மூலத்தையே படிக்க வேண்டும். 156இன் வாதத்தை அதற்கு எதிர்முடிவு எடுத்த 210இன் சுருக்கத்தில் தெரிந்துகொள்வது நியாயமாகாது.

முன்னோக்கியும் தேட வேண்டும். 42ஆவது அறிக்கை கிடப்பில் போடப்பட்டது என்று எழுதினால் அது பிழை. 309ஐ நீக்கும் 1978ஆம் ஆண்டு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 1979இல் மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 42ஆவது அறிக்கையை மட்டும் படித்தால் இது தெரியவராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்ற அனுமானத்தைத் தந்து தண்டனையிலிருந்து காத்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ செய்யும் தற்கொலை முயற்சி மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக நிற்கிறது.

சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை முதல் இந்தத் தேடல் இன்னும் கடினம். புதிய சட்டத்தில் 309 என்பது கொள்ளையைக் குறிக்கும் பிரிவு. பழைய அறிக்கைகளோ பழைய எண்களிலேயே பேசும். பிரிவுவாரியாக ஓர் அட்டவணை இப்போது அவசரத் தேவை: பழைய எண், புதிய எண், அதைப் பற்றிப் பேசிய ஒவ்வோர் அறிக்கையும் ஆண்டும் பக்கமும், பின்தொடர்ந்த மசோதாவும் தீர்ப்பும். சட்டப் பல்கலைக்கழகங்கள் தண்டனைச் சட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். 42, 156 ஆகிய இரண்டு அறிக்கைகளைப் பிரித்து அடுக்கினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.