கல்கத்தாவில் ஆங்கிலப் பரீட்சை: நாவும் பேனாவும்

நம் காலனிக் குடும்பங்களில் இவ்வாண்டும் பிள்ளைகள் சிலர் கடல் கடந்து கல்வி பயில ஆயத்தமாகின்றனர். அவர்கள் முன் நிற்கும் வாயிற்படி, ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தகுதித் தேர்வு. கேட்டல், படித்தல் ஆகிய இரு பகுதிகளையும் எளிதில் கடந்துவிடும் பிள்ளைகள், எழுத்தில் சற்றே தயங்கி, பேச்சு என்றதும் நா உலர்ந்து நிற்பதைக் காண்கிறோம். பாலப் பருவம் முதல் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு இக்கதி ஏன் என்று பெற்றோர் மயங்குகின்றனர். இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்நகரின் வரலாற்றிலேயே அது கிடைக்கிறது.

கல்கத்தாவில் மொழித் தேர்வு முதன்முதலில் நமக்காக ஏற்பட்டதன்று, ஆங்கிலேயருக்காக ஏற்பட்டது. இதை நம்மில் பலர் அறியார். 1800ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு கோட்டை வில்லியம் கல்லூரியை நிறுவினார். சீமையிலிருந்து வந்திறங்கிய இளம் உத்தியோகஸ்தர்கள் இந்நாட்டு மொழிகளைக் கற்றுத் தேற வேண்டும் என்பது அவர் கருத்து. கற்பிக்கத் திட்டமிட்ட மொழிகளின் வரிசையில் பாரசீகம், இந்துஸ்தானி, வங்காளி முதலியவற்றோடு நம் தமிழும் இடம் பெற்றிருந்தது. அக்கல்லூரியின் பரீட்சை முறை வியப்புக்குரியது. மாணாக்கர் எழுதினால் மட்டும் போதாது. சபை நடுவே நின்று தாம் கற்ற மொழியில் வாதம் புரியவும் வேண்டும். ஒருவர் ஒரு பொருளை எடுத்து நிலைநாட்ட, மற்றவர்கள் மறுத்துரைப்பார்கள். 1802 முதல் இத்தகைய வாதங்கள் பொதுச் சபையில் நடைபெற்றன. சிறந்த கட்டுரைகள் அச்சேறின. நாவும் பேனாவும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

அவர்கள் அதற்கு ஆயத்தம் செய்த விதம் இன்னும் சுவையானது. அங்கே வங்காளி கற்பித்த வில்லியம் கேரி, 1801ஆம் ஆண்டில் 'கதோபகதன்' என்றொரு நூலைச் சீராம்பூர் அச்சகத்தில் வெளியிட்டார். 'உரையாடல்' என்பது அப்பெயரின் பொருள். எசமானும் ஏவலாளும் பேசுவது, கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் வழக்காடுவது, மீனவர் பேச்சு, பெண்டிர் சண்டை எனத் தெருவில் வழங்கிய வங்காளியை உள்ளபடியே எழுதி, எதிரே ஆங்கிலமும் தந்திருந்தார். பண்டிதர்கள் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆயினும் பேச்சைப் பேச்சால்தான் கற்க முடியும் என்பதைக் கேரி உணர்ந்திருந்தார்.

இந்தியருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறை வந்தபோது இந்நெறி நிலைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு நல்ல காலம் இருந்தது. 1817இல் தோன்றிய இந்துக் கல்லூரியில் டெரோசியோ என்னும் இளைஞர் ஆசிரியராக அமர்ந்தார். அவரைச் சூழ்ந்த மாணாக்கர்கள் 1828 அளவில் ஒரு விவாதக் கழகம் கண்டு, விதி, சமயம், ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அலசினார்கள். அது பரீட்சைக்காகப் பேசிய பேச்சன்று. பேசாமல் இருக்க முடியாதவர்களின் பேச்சு. 1831இல் டெரோசியோ கல்லூரியை விட்டு நீங்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் 22 வயதிலேயே மறைந்தார்.

அதன்பின் காற்றுத் திசை மாறிற்று. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் பெண்டிங்க் பிரபுவின் தீர்மானமும் ஆங்கிலக் கல்வியை அரியணை ஏற்றின. 1844இல் ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலம் கற்றவருக்கே அரசாங்க உத்தியோகத்தில் முன்னுரிமை என்று அறிவித்தார். படிப்பும் பிழைப்பும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டன. 1857ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தா சர்வகலாசாலை பிறந்தது. செப்டம்பரில் சென்னைச் சர்வகலாசாலை பிறந்தது. இரண்டும் லண்டனைப் பின்பற்றி, பரீட்சை நடத்துவதையே முதற்கடமையாகக் கொண்டவை. கல்கத்தாவின் முதல் நுழைவுத் தேர்வுக்கு வந்தோர் 244 பேர். ஆண்டு செல்லச் செல்ல அத்தொகை ஆயிரங்களாகப் பெருகிற்று. ஆயிரக்கணக்கானோரை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசச் சொல்லிக் கேட்பது யாரால் இயலும்? விடைத்தாளைத் திருத்துவதோ எளிது. இவ்வாறு பேனா வென்றது; நா வெளியே நிறுத்தப்பட்டது.

விளைவு என்ன? மாணாக்கர் குறிப்புரைகளை வாங்கி நெட்டுருப் போட்டனர். ஏட்டிலிருந்து எடுத்த நெடுஞ்சொற்களை அடுக்கிப் பேசியவர்களை ஆங்கிலேயர் 'பாபு இங்கிலீஷ்' என்று எள்ளி நகைத்தனர். இவ்வேளனம் நேர்மையற்றது என்பது நம் கருத்து. ஏட்டைத் தவிர வேறெதையும் கேட்காத பரீட்சையை வைத்தவர்கள், ஏட்டைப் போலப் பேசுகிறான் என்று சிரிக்கலாமா?

இனி நம் கதைக்கு வருவோம். தென்னாட்டிலிருந்து இந்நகருக்கு வந்தோரில் சிலர் பெரும் பரீட்சைகளில் வென்று வந்தவர்கள். 1907இல் நிதித் துறைத் தேர்வில் முதலிடம் பெற்று உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக இங்கு வந்த சி. வி. ராமன் அவர்களை உலகம் அறியும். ஆனால் நம்மவரில் மிகப் பலர் ஏந்தி வந்தவை வேறு சான்றிதழ்கள்: தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும். சென்னை அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில் தேறிய தாளை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, ஹௌரா நிலையத்தில் இறங்கி, லேக் மார்க்கெட் பக்கத்து மெஸ்ஸில் ஓரிடம் பிடித்து, மறுநாள் காலையில் கிளைவ் தெருவுக்கு நடந்தவர்கள் நம் தந்தையரும் பாட்டன்மாரும். அத்தெரு இன்று நேதாஜி சுபாஷ் சாலை.

பிட்மன் சுருக்கெழுத்து 1837இல் வெளிவந்த முறை. எழுத்துக்கூட்டலைப் பாராமல் ஒலியை மட்டும் கோடாகப் பதிவது அதன் உயிர்நாடி. ஆகவே நம்மவர் தேறியது உண்மையில் காதுக்கான பரீட்சை. கிளைவ் தெரு முதலாளிகளில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். அவர்களுடைய உருண்ட உச்சரிப்பை நிமிடத்துக்கு 120 சொல் வேகத்தில் பிடித்து, பிழையற்ற கடிதமாக மாற்றி, 'ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சார்' என்று பணிவுடன் முடித்து மேசையில் வைத்தார்கள். நாள் முழுதும் ஆங்கிலத்தைக் கேட்டார்கள். நாள் முழுதும் எழுதினார்கள். பேசியதோ 'எஸ் சார்' என்ற இரு சொற்களே! மாலையில் கடையில் வங்காளி, வீட்டில் தமிழ். பிள்ளைகளுக்கு அவர்கள் விட்டுச் சென்ற செல்வமும் அத்தகையதே: அழகிய கையெழுத்து, 1935இல் வெளிவந்த ரென்-மார்ட்டின் இலக்கணம், ஒற்றுப்பிழை கண்டால் துடிக்கும் கண். பேச்சுக்கு அதில் பங்கில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1913இல் அந்நியருக்கென முதல் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை நடத்தியபோது, மொத்தம் 12 மணி நேரத்தில் வாய்விட்டுப் படித்தலுக்கும் உரையாடலுக்கும் அரை மணியே ஒதுக்கினர். எழுதியவர் மூவர், மூவரும் தவறினர். 1964இல் அமெரிக்கர் தொடங்கிய டோஃபல் தேர்வில் பேச்சு ஒரு பகுதியாகச் சேர 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1989இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேச்சுக்கு 11 முதல் 14 நிமிடம். நடுப்பகுதியில் ஒரு பொருளைக் கொடுத்து, ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வர். எழுத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று என இரண்டு எழுத வேண்டும். பெரியதற்கே இரு மடங்கு மதிப்பு. சிறியதில் முக்கால் மணியைச் செலவிட்டுப் பெரியதை அரைகுறையாக விட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். நெட்டுருப் போட்ட விடைக்கு மதிப்பெண் குறையும். ஆங்கிலேயர் குரலைப் போலி செய்யவும் தேவையில்லை. தெளிவாய் விளங்கினால் போதும். அவ்வாறிருந்தும் 'மாதிரி விடைகள்' என்ற புத்தகத்தை வாங்கிப் பிள்ளையை ஒப்பிக்கச் சொல்லும் பெற்றோர் நம்மிடையே இருக்கின்றனர். 1857ஆம் ஆண்டு நம்மை இன்னும் விடவில்லை போலும்!

சென்ற கோடையில் நம் காலனி மாடியொன்றில் ஒரு காட்சி கண்டோம். ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தாளர் ஒருவர், வயது எண்பதைக் கடந்தவர், தம் பேத்தியை எதிரே அமர்த்திக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ முதன்முதலில் தனியாகச் சென்ற பயணம்" என்று பொருள் கொடுத்தார். ஒரு நிமிடம் கழிந்தது. பெண் பேசத் தொடங்கினாள். தாத்தாவின் பென்சில் தாளில் ஓடிற்று. இரண்டு நிமிடம் முடிந்ததும் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவள் பேசியதை ஒலி பிசகாமல் திரும்பப் படித்தார். இடையிடையே வந்த 'யு நோ' பதினாறையும் விடவில்லை. பேத்தி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "மறுபடியும்," என்று அவர் தாளைத் திருப்பினார்.