வாச்சி (தச்சுக் கருவி)

வாச்சி என்பது மரத்தைச் செதுக்கிச் சமன் செய்யப் பயன்படும் கைக்கருவி ஆகும். இது வாய்ச்சி எனவும் வழங்கும். கோடரியால் பிளந்த மரத்தின் மேடுபள்ளங்களை, இழைப்புளி இடுவதற்கு முன் அகற்றத் தச்சர் இதனைப் பயன்படுத்துவர். மின்கருவிகள் பரவியபின் இதன் பயன்பாடு குறைந்துவிட்டது. எனவே பழைய வீடுகளில் பிடியின்றிக் கிடைக்கும் வாச்சியின் தலைப்பகுதி, கோடரி என்றோ களைக்கொத்து என்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு.

அமைப்பும் பயன்பாடும்

கோடரியின் வெட்டுவாய் பிடியின் போக்கிலேயே அமைந்திருக்கும். வாச்சியின் வாயோ பிடிக்குக் குறுக்காக அமைந்தது. ஐரோப்பியத் தச்சர் நின்றுகொண்டு செதுக்க நீண்ட பிடியுள்ள வாச்சியையும் கையாண்டனர். இந்தியத் தச்சரின் வாச்சி பொதுவாகக் குட்டையான பிடி உடையது. தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, தம்மை நோக்கிச் செதுக்குவது வழக்கம். பழக்கமில்லாதவர் கையில் இது காலைப் பதம் பார்க்கும் கருவியே.

தாமிரபரணியும் அதன் துணையாறான சிற்றாறும் பாயும் திருநெல்வேலிப் பகுதியில், கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் வேளாண்மை முற்காலத்தில் ஏரையும் மாட்டு வண்டியையும் சார்ந்திருந்தது. கலப்பையின் வளைவையும் வண்டிச் சக்கரத்து வட்டையின் வளைவையும் செதுக்க வாச்சி ஏற்றது. தட்டையான இழைப்புளி அவ்வளைவுகளில் படியாது.

அடையாளம் காணல்

பிடி இல்லாத நிலையில் முதலில் நோக்க வேண்டியது பிடி செருகும் துளையின் திசை. துளை வாய்க்கு இணையாகச் சென்றால் அது கோடரி. குறுக்காகச் சென்றால் வாச்சி அல்லது மண்வெட்டி வகை. மண்வெட்டியின் தகடு அகன்றது, மெல்லியது. மண்ணில் உராய்ந்து அதன் முனைகள் மழுங்கியிருக்கும். வாச்சியின் தலை தடித்தது. அதன் வாயில் தீட்டிய சரிவு பெரும்பாலும் ஒரு பக்கத்தில், அதாவது பிடியை நோக்கிய உட்பக்கத்தில் மட்டும் காணப்படும். கோடரிக்கு இரு பக்கமும் சரிவு உண்டு. உட்பக்கத்தைத் தீட்டப் பிடி தடையாக இருப்பதால், சில வாச்சிகளில் பிடியைக் கழற்றும்படி துளை அமைந்திருக்கும். பிடி தொலைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொல்லியலில்

துளையே இல்லாத பழங்கருவிகளைப் பிரித்தறிவது இன்னும் கடினம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876 இல் செருமானியரான யாகோரும், பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். தாழிகளோடு வாள், ஈட்டி, கோடரி முதலிய இரும்புப் பொருள்கள் கிடைத்தன. ரீயின் பொருட்பட்டியல் 1915 இல் சென்னையில் வெளிவந்தது. தென்னிந்தியப் பெருங்கற்காலக் களங்களில் கிடைக்கும் தட்டையான இரும்புக் கோடரிகள் சிலவற்றில், பிடியோடு பிணைக்கும் குறுக்கு இரும்புப் பட்டைகள் எஞ்சியுள்ளன. பட்டை இல்லாதபோது அத்தகைய தகட்டைக் கோடரியாகவும் கட்டலாம், வாச்சியாகவும் கட்டலாம். அப்போது வாயின் சரிவே முதன்மைச் சான்று.

மரம் மட்கினாலும், அதன் நார்த்தடம் சில வேளைகளில் இரும்பின் துருவில் பதிந்து நிலைக்கும். பிடி எத்திசையில் இருந்தது என்பதை அத்தடம் காட்டும். பழங்கருவியைக் கண்டவுடன் துருவைச் சுரண்டி, வாயைத் தீட்டி, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினால், நார்த்தடமும் சரிவின் பழைய வடிவமும் ஒருங்கே அழிந்துவிடும். துருவை நீக்கும் முன் கருவியை இரு பக்கமும், வாயின் நேர் எதிரேயும் ஒளிப்படம் எடுத்து, துளையின் அளவைக் குறித்துக்கொள்வது நல்லது.