வெட்ட அரை மணி நேரம், சேர்க்க?

குடும்பக் கட்டுப்பாடுன்னு சொன்னதும் சிவப்பு முக்கோணமும் சுவர் விளம்பரங்களும்தான் ஞாபகம் வரும். எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்ததுன்னு கணக்கும் கிடைக்கும். இன்னிக்கு நாம பேசப்போறது வேற ஒரு கேள்வி: ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒருத்தருக்கு மறுபடி குழந்தை வேணும்னு தோணினா, அவருக்கு என்ன வழி இருந்தது?

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சுப்போம். வாசக்டமியில விந்தணு போற ரெண்டு குழாய்களையும் வெட்டிக் கட்டிடுவாங்க. அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். அந்த முனைகளைத் திரும்ப இணைக்கிறதுக்குப் பேர் ரீகேனலைசேஷன். பேச்சு வழக்குல ரிவர்சல்.

இந்தக் கதையில நம்ம ஊருக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. 1950களிலேயே, ஆபரேஷன் பண்ணிக்கிற ஏழைகளுக்குப் பணம் கொடுக்க ஆரம்பிச்சது அன்றைய சென்னை மாநிலம். தொகை 30 ரூபாய். இதுக்குப் பின்னால இருந்தவர்கள்ல ஒருத்தர் ஆர்.ஏ.கோபாலசுவாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திட்டு, பிறகு இங்கே தலைமைச் செயலாளரா இருந்தவர். கொஞ்ச நாள்ல, ஆள் கூட்டிக்கிட்டு வர்றவருக்கும் காசுன்னு ஆச்சு. 1971 ஜூலையில எர்ணாகுளத்துல ஒரு மாசம் நடந்த முகாம்ல மட்டும் 63,000க்கும் மேற்பட்டவங்களுக்கு ஆபரேஷன் நடந்தது.

அதே 1971ல இந்தியாவுல ஆயிரம் குழந்தைகள் பிறந்தா, 129 குழந்தைகள் ஒரு வயசு முடியறதுக்குள்ள இறந்துபோனாங்க. ரெண்டு போதும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட அப்பாவுக்கு, அந்த ரெண்டு பேரும் பிழைச்சு வளருவாங்கன்னு யாரும் உத்தரவாதம் கொடுக்கலை. அதனால ரிவர்சல் கேட்டு வர்றவங்க அன்னிக்கே இருந்தாங்க. பம்பாய் டாக்டர்கள் ஜி.எம்.பட்கேயும் ஏ.ஜி.பட்கேயும் இந்த ஆபரேஷன்கள்ல கிடைச்ச அனுபவத்தை 1967லேயே ஒரு சர்வதேச மருத்துவ இதழ்ல எழுதினாங்க. ஆனா அது கைதேர்ந்த சில சர்ஜன்கள்கிட்ட மட்டுமே இருந்த வித்தை. வெட்டுறதுக்கு ஊர் ஊரா முகாம் வந்தது. சேர்க்கிறதுக்குப் பெரிய நகரத்துக்குப் போகணும்.

அப்புறம் எமர்ஜென்சி. 1976-77ல, ஒரே வருஷத்துல 81 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள். அதுல பெரும்பகுதி ஆண்களுக்கு. ஆசிரியர்களுக்கு டார்கெட், ஆள் பிடிக்கலைன்னா சம்பளம் நிறுத்தம். பின்னாடி விசாரிச்ச ஷா கமிஷன், ஆபரேஷனோட தொடர்புடைய 1,774 மரணங்களைப் பதிவு பண்ணுச்சு. கல்யாணம் ஆகாதவங்களுக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்கன்னு 548 புகார்கள் வந்திருந்தது. யோசிச்சுப் பாருங்க, முதல் குழந்தைக்கே ரிவர்சல் தேவைப்படுற நிலைமை.

இதே 70கள்ல மருத்துவத்துல ஒரு பாய்ச்சல் நடந்தது. ஆஸ்திரேலியாவுல ஏர்ல் ஓவன், அமெரிக்காவுல ஷெர்மன் சில்பர், ரெண்டு பேரும் மைக்ரோஸ்கோப் வெச்சு இந்தக் குழாயைத் தைச்சாங்க. குழாயோட உள்துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. தலைமுடியைவிட மெல்லிசான நூல். ரெண்டு மூணு மணி நேர வேலை.

சரி, தைச்சாச்சு. குழந்தை பிறந்திடுமா? 1991ல அமெரிக்காவுல ஏறக்குறைய 1,500 ஆண்களை வெச்சு வந்த ஒரு பெரிய ஆய்வு இதுக்கு பதில் சொல்லுது. வாசக்டமி முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள ரிவர்சல் பண்ணவங்கள்ல 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்ப வந்தது, 76 சதவீதம் ஜோடிகள் கருத்தரிச்சாங்க. பதினஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ ஆனவங்கள்ல 71 சதவீதம் பேருக்கு விந்தணு வந்தது. ஆனா கருத்தரிச்சது 30 சதவீதம்தான்.

அந்த 71க்கும் 30க்கும் நடுவுலதான் பல ஜோடிகளோட வாழ்க்கை நிக்குது. ரிப்போர்ட்ல விந்தணு இருக்கு, ஆனா மாசா மாசம் ஏமாற்றம். அடைபட்டிருந்த வருஷங்கள்ல பின்னால அழுத்தம் ஏறி, இன்னும் உள்ளே இருக்கிற நுண்குழாய்களும் அடைச்சுப் போகலாம். உடம்பே விந்தணுவை எதிரியா நினைச்சு ஆன்டிபாடி உருவாக்கியிருக்கலாம். மனைவிக்கும் அத்தனை வருஷம் வயசு கூடியிருக்கும். ஆபரேஷன் நல்லபடியா நடந்தாலும் கரு உண்டாக ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகிறது சகஜம். அந்தக் காத்திருப்புல சொந்தக்காரங்க கேள்வி கேட்கிறது பெரும்பாலும் மனைவிகிட்டதான்.

எமர்ஜென்சிக்குப் பிறகு, 1977 தேர்தல்ல காங்கிரஸ் தோத்தது. எந்தக் கட்சியும் ஆண்கள்கிட்ட வாசக்டமி பேசத் துணியலை. பாரம் முழுக்கப் பெண்கள் மேல விழுந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் வெறும் 0.3.

அதோட விளைவு எங்க தெரிஞ்சது தெரியுமா? நாகப்பட்டினத்துல. 2004 டிசம்பர் 26 சுனாமியில தமிழ்நாட்டுல இறந்த சுமார் 8,000 பேர்ல 6,000க்கும் மேற்பட்டவங்க அந்த ஒரு மாவட்டம். பிள்ளைகளை இழந்த அம்மாக்கள் பலர் ஏற்கனவே கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. அரசு ஆஸ்பத்திரியில ரீகேனலைசேஷன் இலவசம், தனியார்ல பண்ணா 25,000 ரூபாய் உதவின்னு தமிழக அரசு அறிவிச்சது. சில வீடுகள்ல மறுபடி தொட்டில் ஆடுச்சு. வயசு கடந்துபோன அம்மாக்களுக்கு அந்த அறிவிப்பால பலன் இல்லை.

வாசக்டமி பாதுகாப்பான, எளிமையான முறை. ஆண்கள் இன்னும் அதிகமா முன்வரணும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா 'வேணும்னா பின்னாடி சேர்த்துக்கலாம்'னு யாராவது சொன்னா, எத்தனை வருஷம் கழிச்சு, யார் கையால, எந்த ஊர்லன்னு கேளுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி அது. பல லட்சம் பேருக்கு அதைக் கேட்க வாய்ப்பே கிடைக்கலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.