முந்நூறு நானூற்றைம்பது ஆன கதை

போன வாரம் பரணை ஒதுக்கும்போது ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி அகப்பட்டது. உள்ளே இன்டெல் செலரான் 300ஏ. 1999-ல் மகன் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, கருங்கல் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது.

இந்தச் சிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது பழைய பழக்கம்தான். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடியிலேயே கிரிஸ்டலை மாற்றி 6 மெகாஹெர்ட்ஸை 8 ஆக்கியவர்கள் உண்டு. ஆனால் அதைச் சாதாரண ஆட்கள் கைக்குக் கொண்டுவந்தது 1998 ஆகஸ்டில் வெளிவந்த 300ஏ. போர்டு தரும் 66-ஐ நாலரையால் பெருக்கினால் 300. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டிவிட்டது. 66-ஐ 100 ஆக்கினால் 450! தைவான் ஏபிட் கம்பெனியின் பிஎச்6 போர்டில் இதைத் திரையிலேயே மாற்றலாம். சிப்புக்கு வேண்டியது 2 வோல்ட்; அதிக வேகத்தில் தடுமாறினால் 2.1, 2.2 என்று கூட்டுவார்கள். சூடும் சும்மா ஏறாது. 2.2-ல் 450 ஓடினால் ஏறக்குறைய 1.8 மடங்கு.

எங்கள் வீட்டில் 450 வைத்த நாள் முதல் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரை உறைந்துவிடும். அவன் பிராஜெக்ட் இரண்டு முறை அழிந்தது. "ஆசை கூடினா இப்படித்தாம்லே" என்று நான் ஏசினேன். ஸ்குரூடிரைவரையும் ஒளித்து வைத்தேன். அவன் பேசாமல் 300, 2 வோல்ட் என்று பழையபடி வைத்தான். மறுநாளும் ஏழு மணிக்கு அதே கதை.

"சிப்புக்க குத்தம் இல்லப்பா" என்று மல்டிமீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்துக் காட்டினான். மத்தியானம் 225 இருந்தது, ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் 165! பவர் சப்ளையில் 180-க்குக் குறையக்கூடாது என்று அச்சடித்திருந்தது. சிப்புக்கு 2 வோல்ட் கொடுக்க வேண்டியதே தள்ளாடினால் சிப் என்ன செய்யும்?

ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் கழற்றி மாட்டினோம். ஏழு மணி கடந்தது. மறுபடி 450 வைத்தபோது மத்தியானத்திலேயே ஒருதடவை நின்றது. அது சிப்பின் குற்றம்தான். 2.1 கொடுத்ததும் இரவெல்லாம் ஓடியது. ஸ்குரூடிரைவரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஃபிரிட்ஜுக்கு வேறு ஸ்டெபிலைசர் வாங்கும்வரை வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசவில்லை.