மானிக் கோபுரங்களும் குலச் சமூகமும்: வாத்தியாக் கிராமத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கோபுரம் என்றதும் தமிழர் நினைவில் எழுவது கோயில் வாயிலே. கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடியிலுள்ள மானிக் குடாநாட்டிலோ அது வீடும் அரணுமாகும். அக்கோபுரங்களை அந்நியரை எதிர்த்த வீரத்தின் சின்னங்களாகப் போற்றுதல் பொதுவழக்கு. இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதைக் கடலை நோக்கிய குன்றொன்றில் அமைந்த வாத்தியாக் கிராமத்தை முன்வைத்து நோக்குவோம்.

ஒற்றோமன் பேரரசால் மானியை முற்றாக அடக்க இயலவில்லை. 1776 முதல் உள்ளூர்க் குலத்தலைவர் ஒருவரையே 'பே' என நியமித்து அது அமைதி கண்டது. கடற்கொள்ளையர் அச்சமும் இருந்தது. மானியர் தாமும் அத்தொழிலில் ஈடுபட்டனர். எனினும் வாத்தியாவின் கோபுரங்கள் பெரும்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. ஒன்றையொன்று நெருங்கி நிற்பவை. வெளிப்பகையைத் தடுப்பதே நோக்கமாயின் கிராமத்துக்கு ஓரிரு காவற்கோபுரங்கள் போதும். குடும்பத்துக்கொரு கோபுரம் ஏன்?

விடை நிலத்திலுண்டு. பாறை மிகுந்து மண் அருகிய அப்பிரதேசத்தில் சிறு வயலுக்கும் ஒலிவ மரத்துக்கும் குலங்கள் பொருதின. 'நிக்கிலியானி' எனப்பட்ட வலிய குலத்தாரே கோபுரம் எழுப்பலாம் என்பது வழக்காறு. 'அகம்னோத்தெரி' எனப்பட்ட மெலியோர் தாழ்ந்த வீடுகளில் வாழ்ந்தனர். மூன்று நான்கு மாடிகளும் குறுகிய சுடுதுளைகளும் கொண்ட கோபுரத்தில் உயரமே ஆதிக்கமாயிற்று: மேலிருப்பவன் அயலவனின் கூரையைத் தகர்க்க வல்லவன். ஆண்மகவைத் 'துப்பாக்கி' என்றே அழைத்தனர். அறுவடைக் காலத்தில் பகை ஓய்ந்தது. போரிடுவோருக்கும் உணவு வேண்டுமன்றோ!

1821இல் பெத்ரோபே மவ்ரோமிக்காலிஸ் தலைமையில் மானியர் விடுதலைப் போரில் முன்னின்றனர் என்பது மறுக்கவொண்ணாதது. ஆயினும் 1831இல் புதிய அரசின் தலைவர் கப்போதிஸ்திரியாசைக் கொன்றோரும் அதே குலத்தவரே. 1834இல் கோபுரங்களை இடிக்க ஒத்தோ மன்னரின் அரசு அனுப்பிய பவேரியப் படையும் தோற்றுத் திரும்பிற்று. மத்திய அரசுக்கும் குல அதிகாரத்துக்கும் இடையிலான முரண்பாட்டையே இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

20ஆம் நூற்றாண்டிற் குடிபெயர்வினால் வாத்தியா வெறிச்சோடியது. 1975இல் கிரேக்க தேசிய சுற்றுலா நிறுவனம் தொடங்கிய மரபுக் குடியிருப்புத் திட்டத்தின்கீழ்ச் சில கோபுரங்கள் விடுதிகளாயின. பின்னர் அவையும் மூடப்பட்டன.

கற்களைப் பேணுதல் நன்றே. ஆனால் கோபுரத்தை மட்டும் பேணி, அதன் நிழலில் கோபுரமெழுப்ப உரிமையின்றி வாழ்ந்தோரை மறப்போமாயின், நாம் பேணுவது வென்றவரின் வரலாற்றை மாத்திரமே. மரபுரிமை பற்றிய ஆய்வு அத்தாழ்ந்த வீடுகளிலிருந்தும் தொடங்குதல் வேண்டும்.