கிட்டியும் கிஸ்தியும்

சென்னைப் பெஸன்ட் நகரில் அந்திப் பொழுதில் கடற்காற்று வாங்கச் செல்பவர்கள் அம்மணல் வெளியை எலியட்ஸ் பீச் என்று நாள்தோறும் சொல்லுகிறார்கள். அந்த எலியட் யார் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கடைசிக் காலத்தில் சென்னைப் பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூபரின்டெண்டாகவும் விளங்கிய எட்வர்ட் எலியட் என்னும் கனவான் அவர். கடற்கரைக்குப் பெயர் கொடுத்தது அவருடைய பதவியின் பெருமையாக இருக்கலாம். ஆனால் சரித்திரம் அவரை நினைக்க வேண்டிய காரணம் வேறு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் வரி வசூலிக்கும்போது குடியானவர்களை ஹிம்சிக்கிறார்களா என்று, அதே சர்க்காரின் ஆணையின்மேல் 1854ஆம் வருஷம் விசாரிக்கப் புகுந்த மூவருள் அவர் ஒருவர். மற்ற இருவர், சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஸ்டோக்ஸும், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டனும் ஆவர். ‘சித்திரவதைக் கமிஷன்’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற விசாரணை இதுதான்.

அக்காலத்து நில வரியின் அமைப்பை அறியாமல் இவ்விசாரணையின் தன்மையை அறிய முடியாது. தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறையில் ஜமீன்தார் என்னும் இடையாள் இல்லை. ஒவ்வொரு குடியானவனும் சர்க்காருக்கே நேராகக் கடன்பட்டவன். வருஷந்தோறும் ஜமாபந்தி நடக்கும். தீர்வை இவ்வளவென்று குறிக்கப்படும். அத்தொகை கிஸ்தி கிஸ்தியாகக் கட்டப்பட வேண்டும். கதிர் முற்றி அறுவடையாவதற்கு முன்பே கிஸ்தி வந்துவிடுவதும் உண்டு. அப்போது ரயத்து விளையாத நெல்லை லேவாதேவிக்காரனிடம் ஈடு வைத்தே சர்க்காரின் வாசலுக்கு வர வேண்டியிருந்தது. தீர்வை முன்னாளில் ரொக்கமாக நிர்ணயிக்கப்பட்டதாகையால், 1820களின் பிற்பகுதி முதல் 1850களின் தொடக்கம் வரையில் தானியத்தின் விலை விழுந்து கிடந்த காலத்தில், காகிதத்தில் ஏறாத வரி குடியானவனின் முதுகில் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

இந்த வரியைத் தண்டியவர் தாசில்தார். அவருக்குக் கீழே கச்சேரிச் சேவகர்களும், கிராமத்தில் மணியக்காரரும், கர்ணமும், தலையாரியும் இருந்தனர். 1816ஆம் வருஷத்து 11ஆவது ரெகுலேஷன் இவர்களிடமே போலீஸ் அதிகாரத்தையும் ஒப்படைத்தது. ஜில்லாவின் கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆனார். ஆகவே பாக்கிக்காரனை அழைத்து வருபவனும், அடைத்து வைப்பவனும், அடித்தால் அந்த அடியைப் பற்றி விசாரிக்க வேண்டியவனும் ஒருவனே ஆகிவிட்டான். சிக்கனத்தைக் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்தச் சிக்கனத்தின் விலையைச் செலுத்தியவர் யார் என்பது பின்னால் தெரிய வந்தது.

அந்த விலை செலுத்தப்பட்ட விதங்களை விவரிக்கக் கை கூசுகிறது. எனினும் கமிஷனார் கூசாமல் எழுதி வைத்தமையால் நாமும் சிலவற்றைச் சொல்லவே வேண்டும். இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து இறுக்குவது கிட்டி. பாக்கிக்காரனின் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றாலோ அவனுடைய மேல்துணியாலோ பிணைத்து, குனிந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது அண்ணாந்தாள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்திருந்த பெயர்தான். உச்சி வெயிலில் நிற்க வைத்து முதுகில் கல்லேற்றுவதும், உண்ணவும் ஒதுங்கவும் விடாமல் நாள் முழுதும் மறித்து வைப்பதும், தொடையைக் கிள்ளுவதும், புளிய விளாரால் அடிப்பதும், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவதும், தொப்புளின்மேல் வண்டை வைத்துக் கொட்டாங்கச்சியால் மூடிக் கட்டுவதும் கமிஷன்முன் சொல்லப்பட்டவற்றில் சில. இவ்வளவும் பெரும் பணத்துக்காக என்று எண்ணுவோர் ஏமாறுவர். பல வழக்குகளில் கேட்கப்பட்டது சில ரூபாய். சிலவற்றில் சில அணாக்களே. அவற்றிலும் சர்க்கார் பொக்கிஷத்துக்குச் சேர்ந்தது எவ்வளவு, சேவகனின் மடிக்குப் போனது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. கிட்டியை இறுக்கத் தெரிந்த கை, தளர்த்துவதற்குக் கூலி கேட்கவும் அறிந்திருந்தது.

கம்பெனியார் தம் உத்தியோகஸ்தர்களை விசாரித்தது இது முதல் தடவை அன்று. கோயமுத்தூர்ப் பொக்கிஷத்தில் நடந்த பெரிய மோசடியை மன்றோவும் ஜான் சல்லிவனும் 1816ஆம் வருஷத்தையொட்டித் துருவி ஆராய்ந்தனர். குண்டூர் ஜில்லாவின் வரிப்பணம் கச்சேரிச் சிப்பந்திகளின் வலையில் சிக்கி மறைந்ததை 1845-46இல் வால்ட்டர் எலியட் விசாரித்தார். கடற்கரைக்குப் பெயர் தந்த எலியட் அல்லர் இவர்; அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவர். ஆனால் அவ்விசாரணைகள் எல்லாம் சர்க்காரின் பணம் எங்கே போயிற்று என்று கேட்டவை. குடியானவனின் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வியைச் சர்க்கார் தானாகக் கேட்கவில்லை. கேட்க வைத்தவர்கள் வெளியில் இருந்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் காஜுலு லக்ஷ்மிநரசு செட்டியார். சென்னையில் வியாபாரம் செய்து பொருள் ஈட்டியவர். 1844இல் ‘கிரெஸன்ட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். 1852இல் சென்னைச் சுதேச சங்கத்தைக் கண்டவர். குடிகளின் குறைகளைத் தொகுத்து அச்சங்கம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மகஜர் அனுப்பியது. மகஜரைப் படித்தறிவதோடு நில்லாமல், டான்பி ஸீமூர் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் 1853இல் நேரிலேயே வந்து சேர்ந்தார். செட்டியார் அவரை மாகாணத்தின் உட்பகுதிகளுக்கு அழைத்துச் சென்று, ரயத்துக்களின் வாய்மொழியை அவர்கள் வாயாலேயே கேட்கச் செய்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இந்த விஷயம் எழுந்தபோது, நாகரிகம் மிக்க தங்கள் ஆட்சியில் இப்படியும் நடக்குமா என்று மறுத்தவர்கள் பலர். ஆயினும் மறுப்பு விவாதத்தை முடிக்கவில்லை. விசாரணைக்கு உத்தரவு பிறந்தது. ஹாரிஸ் பிரபு கவர்னராயிருந்த சென்னை சர்க்கார் அந்தச் செப்டம்பரில் கமிஷனை நியமித்தது.

இந்த மூவரும் பிரயாணம் செய்து ஊர் ஊராகச் சென்றவர்கள் அல்லர். சென்னையில் அமர்ந்து, குறையுள்ளோர் வரலாம், அல்லது எழுதலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வழிச்செலவுக்குப் பணம் கொடுப்பார் இல்லை. ஊர் திரும்பியபின் தாசில்தாரின் கோபத்திலிருந்து காப்பாற்றுவாரும் இல்லை. அப்படியிருந்தும் முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்தார்கள். நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர்; கடிதமாக வந்தவை 1,440; ஆக 1,959 முறையீடுகள். ரெயில் இல்லாத நாளில், கிஸ்தி கட்ட வழியில்லாத ஒருவன் கட்டுச்சோற்றை முடிந்துகொண்டு, பார்த்தறியாத பட்டணத்தில் பாஷை தெரியாத துரைகளின் முன்னால் தன் விரலை நீட்டிக் காட்டுவதற்காக அத்தனை தூரம் நடந்தான் என்றால், அவனுக்கு அருகில் முறையிட வேறு இடமே இல்லை என்பதற்கு அந்த நடையைக் காட்டிலும் சாட்சியம் வேண்டுமோ?

கமிஷனாரும் இதை உணராமல் இல்லை. வரி வசூலிலும் போலீஸ் காரியங்களிலும் ஹிம்சை மாகாணமெங்கும் வழங்கி வருவது உண்மையே என்று 1855 ஏப்ரலில் எழுதிய அறிக்கையில் அவர்கள் தீர்மானித்தார்கள். அதனினும் கனமான பகுதி, பரிகாரம் பெறுவதில் உள்ள சிரமத்தைப் பற்றியது. கலெக்டரைத் தேடிப் பல நாள் நடந்து மனுக் கொடுத்தால், அது விசாரிக்கும்படி தாசில்தாருக்கே திரும்பி வரும். அந்த மனு ஊர் வந்து சேருமுன் மனுதாரனின் பெயர் ஊர் வந்து சேர்ந்துவிடும். அடித்தவனிடமே அடியின் கணக்கை ஒப்படைக்கும் வழக்கத்தை, வரியையும் போலீஸையும் ஒரே கையில் வைத்த ஏற்பாடு நியாயமாக்கியிருந்தது.

இவ்வளவு தெளிவாகக் கண்ட கண்கள் ஓரிடத்தில் மூடிக்கொண்டன. ஜனங்கள் முறையிட்டதெல்லாம் தம் நாட்டு உத்தியோகஸ்தர்களின் கொடுமையைப் பற்றியே. ஐரோப்பிய அதிகாரிகளின்மேல் அவர்களுக்கு மனத்தாங்கல் இல்லை என்று கமிஷனார் எழுதினார்கள். கிட்டியை இறுக்கியவன் நம்மவன் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விளையாத நிலத்துக்கும் தீர்வை கேட்டவர் யார்? கிஸ்தி நாள் தவறினால் தாசில்தாரின் பதவி ஆடும் என்று ஆக்கி வைத்தவர் யார்? பணம் வந்து சேர்ந்தபோது அது வந்த வழியைக் கேளாமல் ரசீதில் கையெழுத்திட்டவர் யார்? சர்க்கார் தன்னைத்தானே விசாரிக்கும்போது விசாரணை ஏணியின் அடிப்படியில் விறுவிறுவென்று நடந்து, நடுப்படியில் நிதானித்து, மேற்படியை அண்ணாந்து பார்க்காமலே திரும்பிவிடுவது இன்றும் நாம் காணாத காட்சி அன்று. அதற்காகக் கமிஷனாரை அயோக்கியர் என்று சொல்வது பொருந்தாது. கேட்டதை ஒளிக்காமல் எழுதினார்கள். தாங்கள் எட்டாத முடிவைப் பிறர் எட்டுவதற்கு வேண்டிய ஆதாரத்தை அவர்களே திரட்டி வைத்தார்கள். 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ஒரு பத்திரிகையில் இந்த அறிக்கையை வைத்துக் கட்டுரை எழுதிய கார்ல் மார்க்ஸ், அவர்கள் தொடாத படியைத் தொட்டு, ஆட்சியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

அறிக்கை அலமாரியில் உறங்கிவிடவில்லை. 1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தின்படி சென்னை மாகாணப் போலீஸ் வரி இலாகாவிலிருந்து பிரிக்கப்பட்டு, வில்லியம் ராபின்ஸன் தலைமையில் தனி இலாகா ஆயிற்று. தாசில்தாரின் கையிலிருந்து போலீஸ் பிரம்பு போயிற்று. ஹிம்சை அதனால் அற்றுப்போயிற்று என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. சட்டம் செய்தவர்களுக்கும் அத்துணிவு இல்லை போலும்; போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு விரோதமாக ருசுப்படுத்தலாகாது என்னும் விதி 1861இன் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் புகுந்து, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவாக நிலைபெற்றது.

1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்து 2024 வரை வழங்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆவது பிரிவைப் புரட்டினால், ஹிம்சித்து ஒப்புதலையோ பொருளையோ பெறும் குற்றத்துக்கு உதாரணங்கள் காணலாம். முதல் இரண்டும் போலீஸ்காரரைப் பற்றியவை. மூன்றாவது, பாக்கி வரிக்காக ஒருவனை ஹிம்சிக்கும் வரி உத்தியோகஸ்தரைப் பற்றியது. தாசில்தாருக்கு மேலே இருந்தவரைப் பற்றி அங்கே உதாரணம் எதுவும் இல்லை.