அறிக்கை எழுதுறவருக்குச் சம்பளம் யார் தர்றாங்க?

போன மாசம் பூதலூர்ல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போற ரயில் பாதையில் இருக்கிற ஊர். சாயங்காலம் புது ஆத்துக் கரையில் உட்கார்ந்து, இந்த எபிசோடுக்காகப் படிச்ச கூடங்குளம் அணுக்கழிவு வழக்கைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்: "ஏன்டா தம்பி, இதெல்லாம் ஆபத்து இல்லைன்னு அறிக்கை எழுதுறவனுக்கு யாருடா சம்பளம் குடுக்கிறா?"

முதல்ல கழிவைப் பத்திக் கொஞ்சம். உலையில் எரிஞ்சு முடிஞ்ச யுரேனியம், வெளியே எடுத்த பிறகும் பல வருஷம் கொதிக்கும். அதனால் ஆழமான நீர்த்தொட்டியில் வைப்பாங்க. அது தற்காலிக இடம். நிரந்தர இடம்னு உலகம் பேசுறது, பல நூறு மீட்டர் ஆழத்தில் பாறைக்குள்ள புதைக்கிறதை. அந்தக் கழிவில் இருக்கிற புளூட்டோனியம்-239 பாதியாகவே சுமார் 24,000 வருஷம் ஆகும். எங்க ஊர்ப் பக்கத்துக் கல்லணைக்கு வயசு 2,000ன்னுதான் சொல்றோம்!

2012 நவம்பர். கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்குது. கழிவை எங்கே வைப்பீங்கன்னு கேள்வி வந்தப்போ, மத்திய அரசுத் தரப்பிலிருந்து வந்த பதிலில் கோலார் தங்கவயல் பேர் அடிபட்டது. 2001ல் மூடின சுரங்கம். தலைமுறை தலைமுறையா தமிழ்த் தொழிலாளிங்க இறங்கி வேலை செஞ்ச இடம். 1980கள்லயே அங்க பாறையைச் சூடாக்கி, அது எப்படித் தாங்குதுன்னு அணுசக்தித் துறை சோதனை செஞ்சிருந்தது. ஆனா ஊர்க்காரங்களுக்கு விஷயம் தெரிஞ்சது நீதிமன்றச் செய்தி வழியா. போராட்டம் கிளம்பினதும் அப்படி ஒரு திட்டமே இல்லைன்னு அரசு சொல்லிடுச்சு. கோலாரில் யாரும் ஓர் ஆய்வறிக்கையைப் பார்க்கலை, ஒரு கருத்துக்கேட்பும் நடக்கலை.

2013 மே 6ல் தீர்ப்பு. உலை ஓடலாம், ஆனா ஐந்து வருஷத்துக்குள்ள உலைக்கு வெளியே ஒரு சேமிப்பு மையம் கட்டணும், ஆழ்நிலக் கிடங்கும் சீக்கிரமே அமைக்கணும்னு நீதிமன்றம் சொன்னது. 2018ல் அணுமின் கழகம் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கியது. அப்புறம், சேமிப்பு மையத்துக்காக 2019 ஜூலை 10ல் ராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு வலுத்ததும் தள்ளி வெச்சுட்டாங்க.

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, தாக்க அறிக்கையைத் தயாரிக்கிற ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் தர்றது திட்டத்தைக் கொண்டு வர்றவங்களேதான். கூட்டத்துக்கு ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் ஒரு சுருக்கம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அப்போ பதில் சொல்ல வேண்டியிருந்ததோ அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். இது போதாதுன்னு 2012லயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியிருக்கு.

வேற மாதிரி நடந்திருக்கா? நடந்திருக்கு. கனடாவில் 1989ல், பாறையில் புதைக்கிற யோசனையை அலச பிளேர் சீபார்ன் தலைமையில் ஒரு தனிக் குழு. எதிர்க்கிற அமைப்புகளும் தங்கள் தரப்பை ஆராய்ஞ்சு சொல்லப் பொதுப்பணம் கொடுத்தாங்க. 1996–97ல் ஊர் ஊராப் போய்க் கேட்டுட்டு, 1998ல் சொன்னாங்க: ஆரம்பக் கட்ட யோசனை என்கிற அளவில் தொழில்நுட்பப் பாதுகாப்பு மொத்தத்தில் போதுமான அளவு நிரூபணம் ஆகியிருக்கு, சமூக நோக்கில் ஆகலை, பரவலான மக்கள் ஆதரவு இருக்குன்னும் காட்டலை, அதனால் இப்போதைய வடிவில் ஏத்துக்க முடியாது. பத்து வருஷம் போச்சேன்னு சிலர் அலுத்துக்கலாம். 24,000 வருஷத்துக்கு முன்னாடி அது ஒரு கணக்கா?

இதைச் சொன்னப்போ பெரியப்பா சிரிச்சார். டெல்டாவில் எண்ணெய்க்குச் சோதனைக் கிணறு தோண்ட கருத்துக்கேட்பே வேண்டாம்னு 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியை மாத்தினது அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அடுத்த மாசமே வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால எங்க பக்கம் தப்பிச்சது. "அப்பவும் நம்மளை யாரும் கேக்கலையேடா"ன்னு எழுந்து, வேட்டியை உதறிக்கிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.